பவர் வால்வைத் தொடாதே, தம்பி!

வாடா தம்பி, உட்காரு. வண்டியை அந்தப் பக்கம் தள்ளி நிறுத்து, பக்கத்து வீட்டு அக்கா துணி காயப் போட்டிருக்கு. ஹோண்டா என்எஸ்ஆர் 150 எஸ்பி, பின் சக்கரத்தை ஒத்தக் கையால தாங்குற புரோ-ஆர்ம், ரெப்சோல் ஸ்டிக்கர். அழகுக்கு ஒரு குறையும் இல்ல. சுத்து ஏறினாத்தான் மூச்சு முட்டுது, இழுக்க மாட்டேங்குதுன்னு சொல்ற.

அதுக்கு என்னென்ன வைத்தியம் பண்ணின? எக்ஸோஸ் மாத்தின. சரி. கார்ப்புரேட்டரைப் பெருசாக்கின. அதுவும் சரி. தங்கக் கலர்ல சங்கிலி போட்ட. மாமாக் கடையில தே தாரிக் ஆத்திக்கிட்டு இருந்த பெரிய எஞ்சினியருங்க பேச்சைக் கேட்டு ஸ்டிக்கரையும் மாத்தின. ஸ்டிக்கர் மாத்தியுமா இழுக்கல? ஆச்சரியம்தான் லா! கழட்டிப் பார்க்காம விட்ட சாமான் ஒண்ணே ஒண்ணுதான், ஹோண்டாக்காரன் ஆர்சி வால்வுன்னு சொல்ற பவர் வால்வு. ரொம்பச் சரி, தொடாதே. தொட்டா கை கரியாகும். கரியான கையோட செல்ஃபி எடுக்க முடியாது.

டூ-ஸ்ட்ரோக்குக்கு வால்வே கிடையாதேன்னு கேக்குற. மேல தலையில குதிக்கிற வால்வு கிடையாதுதான். பிளாக் சுவத்துல வாசல் வெட்டி வச்சிருக்கான், பிஸ்டன் ஏறி இறங்குறப்ப அதுவே திறந்து மூடிக்கும். புகை போற வாசலை உயரமா வெட்டினா எஞ்சின் வேகமாச் சுத்துறப்ப நல்ல பலம். மெதுவா போறப்ப எரியாத பெட்ரோலும் புகையோட சேர்ந்து ஓடிடும். தாழ்வா வெட்டினா கீழே பலம், மேலே போனா திணறல். ரெண்டும் வேணும்னு ஆசைப்பட்ட ஜப்பான்காரன், அந்த வாசல்ல கடை ஷட்டர் மாதிரி ஒண்ணை வச்சான். மெதுவா போறப்ப இறங்கி நிக்கும், சுத்து ஏறினா விலகிடும். யமஹா 1977-ல பந்தய வண்டியில போட்டு ஓட்டிப் பார்த்துட்டு, 1983-ல ஆர்டி 350-ல ரோட்டுக்குக் கொண்டு வந்துச்சு. உன் கூட்டாளியோட கவாசாகி கேஆர்ஆர்-ல இருக்கிற ‘கிப்ஸ்’ பாக்குறதும் இதே வேலைதான். பேரை மாத்தி வச்சா நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறதுக்கு வசதி.

இந்த வால்வுக்கு எமன் கரி. டூ-டி எண்ணெய் பெட்ரோலோட சேர்ந்து எரியுது. எரிஞ்சது போக மிச்சம் பசையா வால்வு மேல படிஞ்சு, சூட்டுல இறுகிடும். இதுல உன் பங்கும் கொஞ்சம் இருக்கு. பந்தயத்துக்குப் பொறந்த வண்டியை வாங்கி, ரவாங் பசாருக்கு ரொட்டி சானாய் கட்டிட்டு வர ஓட்டுற. டவுன் ஜேம்ல முதல் கியர், ரெண்டாவது கியர், மறுபடி முதல் கியர். செரண்டா பக்கம் போறதுக்கு 2017-ல தூண் மேல பைபாஸ் கட்டித் திறந்து விட்டாங்க. அதுல ஏறமாட்ட, அங்க உன்னைப் பார்க்கறதுக்கு ஆள் இல்லையே! சுத்து ஏறாத எஞ்சின்ல வால்வு அசையாது. அசையாம கிடந்தா ஒட்டிக்கும். பறக்கச் சொல்லல தம்பி. எஞ்சின் நல்லா சூடான பிறகு, கியரைக் குறைச்சு அப்பப்ப சுத்தை ஏத்தி விடு.

எண்ணெயிலயும் கஞ்சத்தனம். தங்கச் சங்கிலிக்குக் காசு இருக்கு, எண்ணெய்க்கு மட்டும் இருக்கறதுலயே மலிவான பாட்டில். ஜாசோ எஃப்டின்னு போட்டிருக்கான்னு பாரு. புகை குறைவு, கரியையும் அதிகம் படிய விடாது. ஆயில் பம்பு கேபிள் தப்பா இழுத்து நின்னு எண்ணெயை அள்ளி ஊத்துனா, நல்ல எண்ணெயும் உன்னைக் காப்பாத்தாது.

நோயைக் கண்டுபிடிக்கறது பெரிய வித்தை இல்ல. வால்வு மூடினபடி ஒட்டிக்கிச்சுன்னா கிளம்புறது நல்லாருக்கும், மேலே அடைக்கும். அதான் உன் கதை. திறந்தபடி நின்னுட்டா கிளம்பவே அழும், அப்புறம் திடீர்னு எகிறும். ஆனா கரி மேலயே பழியைப் போட்டுடாதே. உன் வண்டியில வால்வைச் சுத்துறது சர்வோ மோட்டார், நடுவுல கேபிள். கேபிள் துரு பிடிச்சாலும் தொளதொளன்னு இருந்தாலும் வால்வு முழுசாத் திறக்காது. சர்வோவுக்குக் கரண்டு வருதான்னு பார்த்தியா? பார்த்திருக்க மாட்ட. 1894-ல தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ஈயச் சுரங்கத்துக்கு ஜெனரேட்டர் கொண்டு வந்து வச்ச ஊர்டா இது! மலேசியாவுலயே முதல்ல கரண்டு பார்த்த ரவாங்ல இருந்துக்கிட்டு, ஒரு ஒயர்ல கரண்டு ஓடுதான்னு பார்க்கத் தெரியலைன்னா வெளியில சொல்லாதே.

கழட்டறதுன்னு முடிவு பண்ணிட்டா அவசரப்படாதே. எது எந்தப் பக்கம், எந்த மூஞ்சி வெளியே இருந்துச்சுன்னு முதல்ல படம் எடுத்துக்கோ. அதுக்குத்தான் ஆண்டவன் உனக்குப் போன் குடுத்தான். கார்ப்புரேட்டர் கிளீனர்ல ஊறப்போட்டு, பித்தளை பிரஷ்ல தேய். ஸ்குரூ டிரைவரால சுரண்டாதே, மணல் தாள் பக்கம் போகவே போகாதே. வால்வு தேஞ்சு ஆட்டம் குடுத்தா புகை கசியும். அடுப்பு கழுவுற காரத்தை வாங்கிட்டு வந்து நிக்காதே, அது அலுமினியத்தைத் தின்னுடும். வால்வு உட்கார்ற குழியையும் துடைக்கணும். அதை விட்டுட்டா துடைச்ச வால்வு மறுபடி ஒட்டும். திருப்பி மாட்டினதும் விரலால சுத்திப் பாரு, தடங்கல் இல்லாம வரணும். பிஸ்டனை மெதுவா ஏத்தி இறக்கி, எங்கயாவது உரசுதான்னும் பாரு. உரசினா பிஸ்டன் காலி, அப்புறம் பிளாக் காலி, அப்புறம் உங்க அப்பா என்னைத் தேடி வருவாரு. பழைய கேஸ்கெட்டு, ஆயில் சீலை மறுபடி போடாதே. கேபிளை மேனுவல்ல இருக்கிற குறிக்கு நேரா வை, உன் கண்ணளவு வேணாம்.

வால்வைத் திறந்தபடி கட்டி வச்சுட்டா தொல்லையே இல்லன்னு ஒருத்தன் சொல்லியிருப்பான். நல்ல யோசனை! பசார் ஜேம்ல கிளம்பறப்ப அவனையே பின்னால இருந்து தள்ளச் சொல்லு.

கனடாவுல நம்ம ஆளுங்க ஓட்டுற பனி வண்டிக்கும் இதே தலைவலிதான். ஸ்கி-டூவுல ரோட்டாக்ஸ் எஞ்சின், ‘ரேவ்’னு வால்வு. பழைய வண்டியில சர்வோவே கிடையாது, எக்ஸோஸ் அழுத்தம் ஒரு ரப்பர் பையை உப்ப வச்சு வால்வைத் தூக்கும். ரப்பர் கிழிஞ்சா தூக்காது, கரி ஏறினா அசையாது. கை விறைக்கிற குளிர்ல அவங்க கழட்டித் துடைக்கிறாங்க. உனக்கு இங்க வெயில் சுடுதாம்.

புது ஸ்டிக்கர் காசு மிச்சம் இருக்கில்ல? அதுல கேஸ்கெட்டும் ஆயில் சீலும் வாங்கிக்கிட்டு ஞாயித்துக்கிழமை காலையில வா. ஸ்பேனர் நான் தர்றேன். கழட்டப்போறது நீதான்.