போர்டிகோ மெக்கானிக்

உங்கள் தெருவிலும் அந்த வீடு இருக்கும். மாதத் தவணையில் வாங்கிய கார் வெயிலில் நிற்க, போர்டிகோ நிழலில் சக்கரம் இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று செங்கல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் மணைக்கட்டை போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் வீட்டுக்காரர். வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. பகலில் வங்கியிலோ மென்பொருள் கம்பெனியிலோ பத்துப் பேரை அதட்டும் உத்தியோகம். ராத்திரி ஏழு மணிக்கு மேல் கைலி, ஓட்டை பனியன், நெற்றியில் டார்ச் கட்டிய பட்டை. நகக்கண்ணில் கிரீஸ் ஏறியிருக்கும். சோப்புப் போட்டால் போகும்தான், போட மாட்டார். மறுநாள் மீட்டிங்கில் இரண்டு கைகளையும் மேசை மேல் பரத்தி வைப்பார். யாராவது கேட்க வேண்டும். கேட்டுவிட்டால், "ஒண்ணுமில்ல, வீட்ல ஒரு பழைய புல்லட். நானே பண்ணிட்டிருக்கேன்" என்பார்.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் உண்டு. ஆர்எக்ஸ் 100 பிரிவினர் சத்தத்தைத் தவிர வேறெதையும் பேச மாட்டார்கள். ஜாவா, எஸ்டி பிரிவினர் மைசூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுவார்கள். சென்னையில் நான் அதிகம் பார்ப்பது புல்லட் பிரிவைத்தான். புல்லட் தயாரான திருவொற்றியூர் நம்மூர் என்பதால் கூடுதல் உரிமை.

வண்டி கிடைத்த கதையை அவர் வாயால் கேட்டால் காவியமாக இருக்கும். நடந்தது இது. செய்யாறு பக்கம் ஒரு கிராமம், ஒரு மாட்டுக் கொட்டகை. சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் வண்டியை வரும் வாரம் காயலான் கடையில் எடைக்குப் போட இருந்தார். நம்மவர் வண்டியைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, "இந்த இரும்ப என்ன பண்ணப் போறீங்க பெரியவரே?" என்றார். நல்ல பேரத்துக்கு அதுதான் இலக்கணம். ஆனால் வலது கை மட்டும் சொன்ன பேச்சு கேட்காமல் டேங்க்கைத் தடவிக்கொண்டிருந்தது. பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "எங்கப்பா ஞாபகம் சார் இது."

அத்தோடு எடைக் கணக்கு போயிற்று. அப்பாவின் ஞாபகத்துக்கு ஒரு விலை, 'புக்கு' இருப்பதற்கு ஒரு விலை. அடைகாத்த கோழியை எழுப்பியதற்கும் தனியாக வாங்கியிருப்பார் என்பது என் ஊகம். புக்கைப் பிரித்தால் ஓரமெல்லாம் கரையான். அதில் இருந்த பெயர் பெரியவருடையதும் இல்லை, அவர் அப்பாவுடையதும் இல்லை. படிவம் 29, படிவம் 30 என்று நிரப்பிக்கொண்டு போனவரிடம் ஆர்டிஓ அலுவலகத்தில் 31 கேட்டார்கள். வண்டி யார் பெயரில் இருந்ததோ அவர் எப்போதோ காலமாகிவிட்டிருந்தார். வாரிசைத் தேடி நம்மவர் போட்ட நடையில் அந்த ஊரில் அவருக்கு ஒரு பெண் வீட்டுச் சம்பந்தமே அமைந்திருக்கலாம்.

பிரிப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இந்தப் பொழுதுபோக்கில் சொன்ன நேரத்துக்கு முடியும் ஒரே வேலை அதுதான். பழைய புல்லட்டில் பல இடங்களில் மரை பிரிட்டிஷ் அளவு. நம்மிடம் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரில் ஒன்று லொடலொடவென்று ஆடும், அதற்குச் சின்னது நுழையவே நுழையாது. ஆடுவதை வைத்தே முக்கித் திருகினார். நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கி வட்டமாகிவிட்டன.

"மரை கழண்டுருச்சு!" என்று வாசலிலிருந்து கத்தினார்.

"அது கல்யாணத்தன்னிக்கே தெரியும். நட்டுக்கு என்ன ஆச்சு?" என்றது சமையலறை.

கழற்றியதெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்குப் போயிற்று. ஒவ்வொன்றிலும் அலுவலக ஒழுங்குடன் சீட்டு ஒட்டினார். 'முன் மட்கார்டு: 4', 'கிளட்ச் கவர்: 8', 'செயின் கவர்: 3'. கடைசிப் பாட்டில்தான் பெரியது. அதில் 'எதுவென்று தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. பிரிக்குமுன் செல்போனில் எடுத்த படங்கள் இருக்கத்தான் செய்கின்றன, உறவினர் அனுப்பிய காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் எங்கோ.

இனி அந்த 'நானே' விஷயத்துக்கு வருவோம். புல்லட் 350-இல் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90, மொத்தம் 346 சிசி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஓடி ஓடிச் சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கொஞ்சம் கடைந்து அடுத்த சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அப்புறம் நாற்பது, அப்புறம் அறுபது. அம்பத்தூர் லேத் பட்டறைக்காரர் அளந்து பார்த்து, "நாப்பது ஓடி முடிஞ்சிருச்சு சார். அறுபதுதான் மிச்சம். அதுக்கப்புறம் ஸ்லீவ்" என்றார். கடைந்தது அவர். கிரான்க்கைப் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து கனெக்டிங் ராடு மாற்றியது இன்னொருவர். டேங்க்கின் சொட்டையைத் தட்டி எடுத்தது டிங்கர். முதலில் நிக்கல், அதன் மேல் குரோம் என்று சைலன்சரை முக்கி எடுத்தது பிளேட்டிங்காரர். சீட் தைத்தது ஒருவர், ஒயரிங் இழுத்தது ஒருவர்.

இவர்களில் நான் மனசாரக் கையெடுத்துக் கும்பிடுவது டேங்க்கில் பொன்னிறக் கோடு போட்ட பெரியவரை. டேப் ஒட்டவில்லை, அடையாளம் வைக்கவில்லை. மூச்சைப் பிடித்தார், மெல்லிய தூரிகையை வைத்தார், ஒரே இழுப்பு. வளைவில் கோடு வளைந்தது, மறுபடி நேரானது, தொடங்கிய இடத்திலேயே போய் முட்டி முடிந்தது. திருவொற்றியூர் ஆலையில் புது வண்டிகளுக்கே ரொம்ப காலம் இப்படிக் கையால்தான் கோடு போட்டார்கள். இவர் அதைச் செய்து முடிக்கும்வரை நம்மவர் டேங்க் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஆக, அதுவும் நானேதான்.

ஒரு பட்டறைக்கும் அடுத்த பட்டறைக்கும் நடுவே இஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனவர் சாட்சாத் அவர்தான். அந்த அளவுக்குப் பொய்யில்லை.

சனிக்கிழமை புதுப்பேட்டை. அங்கே இவர் ஒரே ஒரு சொல்லைத்தான் உச்சரிப்பார்: "ஒரிஜினல்". கடைக்காரர் இப்படிப்பட்டவர்களைத் தினம் பார்க்கிறவர். "ஒரிஜினல் இருக்கு சார், கம்பெனி ஒரிஜினல் இருக்கு, பழைய ஸ்டாக் ஒரிஜினல் இருக்கு. எது வேணும்?" மூன்றுக்கும் மூன்று விலை. பையன் மூன்றையும் ஒரே டிராயரிலிருந்துதான் எடுத்தான். நம்மவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, விலை அதிகமானதை அனுபவசாலியின் புன்னகையோடு வாங்கி வந்தார்.

வீட்டில் நடந்ததில் உண்மையான இஞ்சினியரிங் என்றால் பேரிங் ஏற்றியதுதான். இஞ்சின் கேஸ் அலுமினியம், பேரிங் எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கேஸைச் சுடவைத்து, பேரிங்கைக் குளிரவைத்தால் சுத்தியலே தொடாமல் உட்கார்ந்துவிடும். தத்துவம் சரி. ஆனால் சுடவைத்தது கேக் செய்கிற அவனில், குளிரவைத்தது ஃபிரீசரில், வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில். பேரிங் 'டொக்' என்று இறங்கியபோது அவர் குதித்த குதியில் மாமியாரே எட்டிப் பார்த்தார். அன்றைய மீன் குழம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் செய்த கேக்கைப் பற்றித்தான் பேசினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் மெக்கானிக் பாய் வருவார். ஊரில் புல்லட் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு பாய் உண்டு. இஞ்சின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை கேஸிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்பார். நம்மவர் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சொன்ன மூன்று காரணங்களை வரிசையாக எடுத்து வைப்பார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு பாய் சொல்வார்: "டேப்பெட்டு." அவ்வளவுதான். கிளம்பும்போது தோளில் கைவைத்து ரகசியமாக, "சார், நீங்க நிம்மதியா ஆபீஸ் போயிட்டு வாங்க. கைய வெக்காதீங்க, நான் முடிச்சுக் குடுத்துடறேன்" என்பார். அது புண்படுத்தும். பாய் போனதும் நம்மவர் டேப்பெட்டைத் தானே ஒருமுறை திருகி, அடுத்த வாரம் பாய் வருவதற்கு வழி செய்வார்.

வண்டி நிற்கிறதே ஒழிய, வரலாறு ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கேன் போட வந்தவருக்கும் சொல்வார்: 1955-இல் இங்கிலாந்துக் கம்பெனியும் நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது, ராணுவத்துக்கு வண்டி போனது, 1967-இல் அங்கே ரெட்டிச் ஆலையை மூடியது, 1970-இல் இங்கிலாந்தில் கதையே முடிந்தது. "வெள்ளைக்காரன் விட்டுட்டான், திருவொற்றியூர்க்காரன் விடலை!" தொண்டை லேசாகக் கம்மும். கேன்காரருக்கும் கம்மும், ஏனென்றால் கேன் இன்னும் தோளில்தான் இருக்கும்.

இந்த வரலாற்றுப் பக்தர்தான் பிறகு வண்டியின் மட்கார்டைப் பாதியாக வெட்டினார் என்றால் நம்புவீர்களா? ஒரிஜினல் நட்டுக்காக நாலு கடை ஏறி இறங்கியவர், ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டுக் குட்டையாக ஒன்று போட்டார். பின்சீட்டை எடுத்துவிட்டு, சுருள் ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட் போட்டார். "இது கஸ்டம்" என்றார். சட்டத்துக்கு அவ்வளவு ரசனை கிடையாது. கம்பெனி செய்து பதிவான அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. நிறத்திலும் சிக்கல். பட்டாள வண்டியாயிற்றே என்று ஆலிவ் பச்சை அடிக்கப் பார்த்தார். பாதுகாப்புத் துறையைத் தவிர வேறு யாரும் அந்த நிறம் அடிக்க விதியில் இடமில்லை. "பாசிப் பச்சைன்னு சொல்லிக்கலாம் சார்" என்றார் பெயின்டர். கடைசியில் கறுப்புதான். 1955-இலிருந்து அலுக்காத நிறம் என்று அதற்கும் ஒரு உரை கிடைத்தது.

ஆயுத பூஜையன்று ஸ்டார்ட் செய்வதாக ஏற்பாடு. எந்த ஆண்டின் ஆயுத பூஜை என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த நாளும் வந்தது. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், தெருவே வாசலில்.

பழைய புல்லட்டை உதைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். அழுத்திக்கொண்டே வர, பாயிண்ட் திறக்கும் நொடியில் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் ஒரு துளி இறக்கி, அதை விட்டுவிட்டு, அப்புறம் ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். நம்மவர் இத்தனையையும் கூட்டத்துக்கு விளக்கிவிட்டு, ஜோரில் முள்ளைப் பார்க்க மறந்து உதைத்தார். வண்டி பதிலுக்கு உதைத்தது. கணுக்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டபின் பாய் வந்து ஒரு உதையில் கிளப்பினார். தக், தக், தக் என்று அது நிதானத்துக்கு வந்தபோது, கேலி செய்ய வந்த நானும் கைதட்டினேன். அந்தச் சத்தத்துக்கு அப்படி ஒரு அதிகாரம்.

பிறகு தெருமுனை டீக்கடைவரை ஒரு வெள்ளோட்டம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. டீக்கடை வந்ததும், இத்தனை வருஷம் வேறு வண்டி ஓட்டிய பழக்கத்தில் வலது காலை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை, அடுத்த கியருக்குப் போனது. இன்னும் அழுத்தினார். அதற்கும் அடுத்த கியர். டீக்கடைக்காரர் நீட்டிய டம்ளர் நீட்டியபடியே இருக்க, நம்மவர் ராஜகம்பீரமாக மெயின் ரோட்டுக்குள் மறைந்தார்.

போன வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு கோயில். வண்டியில்தான் பின்சீட் கிடையாதே. அதனால் அவர் புல்லட்டில் முன்னே, அம்மணி ஸ்கூட்டியில் பின்னே. ஸ்கூட்டி டிக்கியில் அர்ச்சனைத் தட்டும், தட்டுக்குக் கீழே ஸ்பேனர் செட்டும். சிக்னலில் இரண்டு பேர் "எந்த வருஷ மாடல் சார்?" என்று கேட்டதில் அவர் முகம் மலர்ந்தது. மூன்றாவது ஆள் "மைலேஜ் என்ன குடுக்குது?" என்றதில் சுண்டியது. அடுத்த சிக்னலில் வண்டி இருமியது, நின்றது.

அவர் கார்புரேட்டரைப் பார்த்தார், பிளக்கைக் கழற்றி ஊதினார், பெட்ரோல் டேப்பைத் திறந்து மூடினார். அம்மணி ஸ்டாண்டு போட்டு இறங்கி வந்து, "ஏங்க, பாயிண்ட் கேப் பாத்தீங்களா?" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாள் போர்டிகோவுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ஜன்னல். மூடியைத் திறந்தால் கேப் அடைந்துதான் கிடந்தது. 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்வரை இருக்க வேண்டும். அளக்கிற தகடு வீட்டில். அம்மணி கைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் நீட்டினார். ஒரே உதை, தக் தக்.

அதற்குள் மச்சான் போனில் கூப்பிட்டார். "ஒண்ணுமில்லப்பா, பாயிண்ட்ல சின்னப் பிரச்னை. நடு ரோட்லயே சரி பண்ணிட்டேன். ஆமாமா, நானே" என்று இவர் சொல்லிக்கொண்டிருக்க, அம்மணி ஸ்கூட்டியின் பட்டனைத் தட்டினார்.

"பன்னண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்க. நீங்க பேசிட்டு மெதுவா வாங்க. அர்ச்சனைய நானே பண்ணிட்டு வந்துடறேன்."