பலாமரமும் லேப்டாப்பும்

மாகறலில் அவனைத் தேடி அலைய வேண்டாம். கரண்ட் இருந்தால் வீட்டுத் திண்ணையில், ப்ளக் பாயின்ட் எட்டும் தூரத்தில் இருப்பான். கரண்ட் போனால் போனைத் தூக்கிப் பிடித்தபடி டவர் கிடைக்கும் இடத்தில் நிற்பான். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. காலையில் காஞ்சிபுரத்துக்கு பஸ், மாலையில் ப்ராஜெக்ட்.

எத்தனை ப்ராஜெக்ட் என்றால் பதினேழு என்பான். எத்தனை முடிந்தது என்றால் சார்ஜர் எடுக்க உள்ளே போய்விடுவான். முதலில் பெயர் வைப்பான், அப்புறம் லோகோ, அப்புறம் லாகின் பக்கம். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனால் ஒன்றும் இருக்காது. பூட்டு வாங்கியாயிற்று, வீடுதான் இன்னும் கட்டவில்லை. போல்டர்களின் பெயர் 'பைனல்', 'பைனல் புதுசு', 'சத்தியமா பைனல்'. பழைய வடிவங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ள லினஸ் டோர்வால்ட்ஸ் 2005லேயே 'கிட்' எழுதிக் கொடுத்துவிட்டார். அது நம்மாள் நோட்டில் இருக்கிறது.

அந்த நோட்டு ஒரு காவியம். மேலே பிள்ளையார் சுழி, கீழே 'ஹலோ வேர்ல்ட்'. முதல் பத்துப் பக்கம் மூன்று கலர் பேனாவில். பாயின்டர் பாடம் வந்ததும் எழுத்து கோழிக் கிறுக்கலாகும். அதற்கப்புறம் அம்மாவின் பால் கணக்கு. ஆனாலும் பையனுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. 'ஸ்டாக்: அடுக்கி வைத்த தட்டு, கடைசியில் வைத்தது முதலில் வரும். க்யூ: ரேஷன் கடை. ப்ரயாரிட்டி க்யூ: அதே ரேஷன் கடை, கடைக்காரருக்குத் தெரிந்தவர் வந்தால்.'

பதினேழில் பெரியது குடவோலை ஆப். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தகச் சோழன் காலத்து ஊர்ச்சபைத் தேர்தல் விதிகள் 919இல் ஒரு முறை, 921இல் திருத்தி இன்னொரு முறை வெட்டப்பட்டிருக்கின்றன. "ரெண்டே வருஷத்துல அடுத்த வெர்ஷன்!" என்று வியப்பான். முப்பது குடும்பு, அதாவது வார்டு. நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70 வரை. எல்லாம் இஃப், எல்ஸ். தன் வயதைப் போட்டுப் பார்த்தான். தகுதி இல்லை என்றது ஆப். அன்றிலிருந்து பின்னணிக் கலரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்ற விதியை ஆயாவுக்குப் படித்துக் காட்டினான். ஆயா கேட்டாள்: "உன் பதினேழுக்கும் கணக்கு காட்டிட்டியாடா?"

அறுப்பு சமயத்தில் அப்பா, "நெல்லு மூட்டைக் கணக்க எழுதுடா" என்றார். "ஆப்பே பண்ணித் தரேம்பா!" மூன்று வாரத்தில் லோகோவில் நெற்கதிர் நன்றாக வந்தது. அதற்குள் அப்பா நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டு, கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டார்.

வேலையை மிச்சப்படுத்த இப்படி யோசிப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. இங்கே தினம் ஒரு பழம் தரும் பலாமரம் இருந்ததாம். பழத்தைத் தில்லை நடராசருக்குத் தினமும் சுமந்து போக வேண்டுமாம். தன் முறை வந்த சிறுவன் ஒருவன் யோசித்து, மரத்தையே கொளுத்திவிட்டான் என்கிறது தலபுராணம். பத்து நிமிட வேலையை மிச்சப்படுத்தப் பத்து நாள் யோசிக்கும் நம்மாளுக்கு அவன்தான் மூத்தவன்.

ஒன்று சொல்ல வேண்டும். ரோஷம் வந்து ஒரு ராத்திரி உட்கார்ந்து, மூட்டையை நாற்பது கிலோவால் பெருக்கி விலை போடும் பதினோரு வரி எழுதினான். பெயரில்லை, லோகோவில்லை, லாகினில்லை. அப்பாவின் தாளோடு ஒத்துப்பார்த்தால் பைசா பிசகவில்லை. அவன் முடித்த ஒரே ப்ராஜெக்ட் அதுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள். சின்னதாக ஒரு கணக்கைக் கொடுங்கள், நாள் குறித்துக் கொடுங்கள். தீப்பெட்டியை மட்டும் எட்டாமல் வையுங்கள்.