சிஸ்டம் அண்ணன்

சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ இரவு பதினொரு மணிக்கு மேல் முதுகில் பையும் கையில் ஹெல்மெட்டுமாக ஒருவர் மாடிப்படி ஏறினால், தெருநாய்கூடக் குரைப்பதில்லை. அதற்கு ஆளைத் தெரியும். மேல் மாடியில் ஓர் இசையமைப்பாளர் குடியிருக்கிறார், அவருடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது, விடிவதற்குள் யாரோ ஓர் இயக்குநருக்குப் பாட்டு போயாக வேண்டும். படியேறுகிறவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கும். ஆனால் அந்த வட்டாரத்துக் கைபேசிகள் அத்தனையிலும் அவர் ‘சிஸ்டம் அண்ணன்’தான். சிலவற்றில் ‘சிஸ்டம் அண்ணன் புது நம்பர்’.

இந்த இனம் தோன்றியதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. பாட்டு என்றால் பெரிய கூடம், வரிசையாக வயலின்காரர்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஒலிப்பதிவாளர் என்று இருந்த காலத்தில் இவருக்கு வேலையில்லை. 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்திலேயே பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்துக்கொண்டார். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் எந்த வீட்டில் ஓர் அறை காலியானாலும் அது ஸ்டூடியோ ஆகிவிடும் அபாயம் இருக்கிறது. அக்கா கல்யாணமாகிப் போன மறுவாரமே அவள் அறைச் சுவரில் ஃபோம் ஒட்டிவிடுகிறார்கள். ஃபோம் வாங்க வசதியில்லாதவர்கள் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். முட்டை அட்டையால் வெளிச்சத்தம் எதுவும் நிற்பதில்லை. தலைதீபாவளிக்கு வந்த அக்காவுக்குத் தங்க இடமில்லாமல் போவதுதான் கண்ட பலன்.

அந்த அறையில் இருக்கும் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அமுக்கினார்கள் என்பதை 0 முதல் 127 வரை எண்ணாக்கிக் கம்ப்யூட்டரிடம் சொல்லும், அவ்வளவுதான் அதன் சங்கீத ஞானம். 1983-ல் வந்த மிடி என்கிற ஏற்பாடு அது. இன்றும் அதுதான் ஓடுகிறது. வயலின், வீணை, தவில் எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கின்றன. ஆக, கம்ப்யூட்டர் படுத்தால் வித்வான்கள் அத்தனை பேரும் சேர்ந்து படுத்துவிடுகிறார்கள்.

உள்ளே வந்ததும் அண்ணன் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். பத்தியம் முறித்த நோயாளி வீட்டில் வைத்தியர் உட்காருவதுபோல உட்கார்ந்து, முதலில் விசாரணை.

“கடைசியா என்ன தம்பி பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணலைண்ணே. நேத்து நைட்டு நல்லா ஓடிச்சு. காலைல பார்த்தா இப்படி.”

அண்ணன் தலையாட்டிவிட்டு, சிஸ்டத்தில் ஏற்றியிருக்கும் மென்பொருள்களைத் தேதி வாரியாக அடுக்குவார். நேற்று இரவு ஒரு புல்லாங்குழல். அதற்குப் பின்னால் ஓர் எதிரொலி. அதற்குப் பின்னால் அந்த எதிரொலியின் பூட்டை உடைக்கிற கள்ளச்சாவி. கடைசியாக, கல்யாண ஆல்பம் தயாரிக்கிற ஒரு மென்பொருள். தம்பி எச்சில் விழுங்கிக்கொண்டு, “இது நான் இல்லண்ணே, மச்சான்” என்பார். எல்லா வீட்டிலும் ஒரு மச்சான் இருக்கிறார்.

அவரைக் கூப்பிடும் காரணங்களில் முக்கால்வாசி லேட்டன்ஸிதான். பாடகர் மைக்கில் பாடுகிறார்; குரல் கம்ப்யூட்டருக்குள் போய், அங்கே கொஞ்சம் தங்கி, ஹெட்போனுக்குத் திரும்பி வருகிறது. தங்குகிற இடத்துக்கு பஃபர் என்று பெயர். நொடிக்கு 44,100 துண்டுகளாக ஒலியை நறுக்கும்போது, 1,024 துண்டு சேர்ந்தால்தான் அனுப்புவேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தால் 23 மில்லிசெகண்டு போய்விடும். உள்ளே வருவதற்கு ஒருமுறை, வெளியே போவதற்கு ஒருமுறை. பாடகருக்குத் தாளம் இழுக்கும். பழியைத் தபேலாமேல் போடுவார். சரி, 64 துண்டு போதும் என்று குறைத்தால் தாமதம் ஒன்றரை மில்லிசெகண்டுக்கு இறங்கிவிடும். ஆனால் அந்த அவகாசத்துக்குள் இருபது வயலினுக்கும் கணக்குப் போட்டு முடிக்க இயந்திரத்தால் முடியாது. பாட்டு முழுக்கச் சடசடவென்று உடையும்.

இதை அண்ணன் விளக்கும் விதமே தனி. “பத்து மில்லிசெகண்டுன்னா எவ்ளோன்னு நினைக்கிறீங்க? சத்தம் பதினோரு அடி போற நேரம். மேடையில கடம் வாசிக்கிறவரு கிட்டத்தட்ட அவ்ளோ தள்ளிதான் உட்கார்ந்திருப்பாரு. அவரு தாளம் விட்டாரா?” என்று பாடகரைப் பார்த்துக் கேட்பார். பாடகர் கொஞ்சம் வெட்கப்படுவார். வெட்கப்பட்ட மாத்திரத்தில் தாளம் சரியாக நிற்கும். பஃபரை அண்ணன் இன்னும் தொட்டேயிருக்கமாட்டார்.

பிறகு தொடுவார். பாடும்போது 128, மிக்ஸ் பண்ணும்போது 1,024 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுவார். அடுத்த முறை வரும்போது அந்தச் சீட்டுமேல் வேறொரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் பீட்சா கடை நம்பர். சடசடப்புக்குக் காரணம் பல சமயம் இசை மென்பொருளாகவே இருப்பதில்லை என்பது அவர் அனுபவம். வைஃபையின் டிரைவர் குறுக்கே புகுந்து பிராசசரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று விண்டோஸ், யூஎஸ்பியைத் தூங்கவைக்கும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவார்.

“வேலை பார்க்கிறப்போ வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க தம்பி.”

“வைஃபை இல்லாம எப்படிண்ணே ட்யூன் போடுறது?”

இந்தக் கேள்விக்கு அண்ணன் பதில் சொல்வதில்லை. வைஃபைக்கும் ட்யூனுக்கும் என்ன உறவு என்பது அவர் தொழிலுக்கு அப்பாற்பட்டது.

அடுத்தது ஹம். ஸ்பீக்கரில் யாரும் கேட்காமலே ஓர் அடிநாதம் ஓடிக்கொண்டிருக்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. காதால் கேட்டால் அது ஐந்து கட்டைச் சுதிக்குச் சற்று மேலே, ஆழத்தில் நிற்கிறது. அமெரிக்காவில் 60. அது ஆறரைக்கும் ஏழுக்கும் நட்டநடுவில் விழுந்து எந்தச் சுதியோடும் சேராது. அதனால் தாய்நாட்டு மின்சாரத்தின் சங்கீதத் தகுதி பற்றி அண்ணனுக்கு ஒரு பெருமிதம் உண்டு. ஐந்து கட்டையில் பாடுகிற அம்மையார் யாராவது வந்திருந்தால், “இன்னைக்குச் சுதிப்பெட்டியே வேணாம் சார்” என்பார்.

சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் டார்ச்சோடு புகுந்துவிடுவார். கம்ப்யூட்டர் ஒரு சுவரில், ஸ்பீக்கர் எதிர்ச்சுவரில் என்று செருகியிருந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகி ஹம் கிளம்பும். இரண்டையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கிடாரில் மட்டும் ‘ஙீ’ என்று வந்தால் ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுவார். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வாசிக்கச் சொல்வார். சிலர் குறுக்குவழியாக மூன்று பின் பிளக்கின் தடித்த எர்த் பின்னை உடைத்துவிடுவார்கள். ஹம் போய்விடும். என்றாவது ஒருநாள் மைக்கைத் தொட்டவரின் உயிரும் போகும். அண்ணன் கோபப்படும் ஒரே விஷயம் இதுதான். பின் உடைந்த வயரைக் கண்டால் அங்கேயே கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, ரிச்சி தெருவில் புதிதாக வாங்கிவரச் சொல்வார். அது தயாரிப்பாளர் வீட்டு வயராக இருந்தாலும் சரி.

எல்லாக் கோளாறும் துன்பம் தருவதில்லை. 44,100-ல் ஓடவேண்டிய பாட்டைச் சவுண்டு கார்டு 48,000 என்று எண்ணிக்கொண்டு வாசித்தால் சுதி முக்கால் கட்டை ஏறிவிடும். அரைக் கட்டை உண்டு, ஒரு கட்டை உண்டு. முக்கால் எந்த ஆர்மோனியத்திலும் கிடையாது. ஐந்து நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 விநாடியில் முடியும். இந்தக் கோளாறுக்கு அண்ணனைக் கூப்பிடுகிறவர்கள் புகாராகச் சொல்வதில்லை. “அண்ணே, ராத்திரியோட ராத்திரியா பாட்டுக்கு ஒரு எனர்ஜி வந்திருக்குண்ணே! சிங்கருக்குப் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு. ஆனா கிடார் ப்ளேயர் வந்து உட்கார்ந்தா மட்டும் சேரவே மாட்டேங்குது. வேற ஆளப் பார்க்கணுமாண்ணே?” அண்ணன் ஓர் எண்ணை மாற்றுவார். பாட்டு பழைய வேகத்துக்கு இறங்கும். கிடார்க்காரருக்கு வேலை பிழைக்கும். இசையமைப்பாளரின் முகத்தைத்தான் பார்க்க முடியாது.

ஆனால் அண்ணனின் மெய்யான திறமை கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதே அல்ல என்பது என் கட்சி. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் போனால்தான் உயிர் வரும். அதற்குச் சவுண்டு கார்டில் ஒரு சின்னப் பட்டன். பதற்றத்தில் அதை அமுக்க மறந்துவிட்டு, “மைக் போச்சுண்ணே” என்று அர்த்தராத்திரியில் அலறுகிறவர்கள் ஏராளம். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைக் கண்டுபிடித்திருப்பார். அறையிலோ வெளியூரிலிருந்து வந்த பாடகி, அவருடைய அப்பா, முதல் படம் கொடுக்கப்போகிற இயக்குநர். பட்டனை அமுக்கிக் காட்டினால் தம்பியின் மானம் போகும். தனக்கும் காசு கேட்க வாய் வராது. ஆகவே கேபிளைக் கழற்றுவார். ஊதுவார். மாட்டுவார். இன்னொரு கேபிளைப் பையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைப்பார். “வோல்டேஜ் ப்ராப்ளம்” என்று பொதுவாகச் சொல்வார். யோசித்தால் அது பொய்யும் அல்ல. தம்பியின் அம்மா காபி கொண்டுவந்து எல்லோரும் டம்ளர் பக்கம் திரும்பும் கணத்தில் விரல் அந்தப் பட்டனைத் தொட்டுவிட்டு வந்துவிடும். “இப்ப பாடுங்கம்மா.” குரல் வரும். பாடகியின் அப்பா அண்ணனைக் கையெடுத்துக் கும்பிடுவார். இயக்குநர் நம்பர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

இப்படி வீடு வீடாகப் போகிறவருக்கு எந்த ட்யூன் எந்தப் படத்துக்குப் போட்டது, எது நிராகரிக்கப்பட்டு எந்தப் படத்தில் நுழைந்தது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ‘ஹீரோ இன்ட்ரோ பைனல்’, ‘பைனல் 2’, ‘நிஜமா பைனல்’ என்று ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்த்தவர். அந்த ஆசையில்தான் நானும் அவரிடம் வாயைக் கிளறிப் பார்த்தேன். ஒரு புதிய இசையமைப்பாளரைக் குறிப்பிட்டு, ஆள் எப்படி என்று கேட்டேன்.

“நல்ல பையன் சார். பேக்கப் எடுப்பான்.”

இதைவிட உயர்ந்த பாராட்டு அவரிடம் கிடையாது. இன்னொருவர்?

“திறமைசாலிதான். ஆனா சி டிரைவ்ல நாலு ஜிபிதான் பாக்கி.”

காதல் தோல்வியால் பாட்டே வராமல் முடங்கிவிட்டார் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட ஒருவரைப் பற்றியும் கேட்டுப் பார்த்தேன். அண்ணன் கையை உதறினார். “அதெல்லாம் சும்மா சார். எட்டு ஜிபி ரேம்ல அறுபது ட்ராக் ஓட்டினா யாருக்குத்தான் மனசு உடையாது?”

கூலி விஷயத்தில் அவர் பாவப்பட்டவர். “படம் ரிலீஸ் ஆகட்டும்ணே”, “நன்றி கார்டுல உங்க பேரைப் போட்டுடறேன்ணே” என்பவைதான் இந்த வட்டாரத்தில் அதிகம் புழங்கும் நாணயங்கள். பேர் போடுவதானால் முழுப்பெயரைக் கேட்டாக வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் சரிபார்ப்பதற்காக கீபோர்டில் ஒரு சின்னச் சங்கதி வாசிப்பார். சங்கீதம் படித்தவர் இல்லை. அதனால் கறுப்புக் கட்டைகளோடு நிறுத்திக்கொள்வார். நாலரைக் கட்டையில் தொடங்கிக் கறுப்பை மட்டும் அமுக்கிக்கொண்டு போனால் மோகனம். விரல் எங்கே விழுந்தாலும் அபஸ்வரம் வராது. தாமதம் மிச்சமிருந்தால் காட்டிக்கொடுப்பதற்காக ஒரே சுரத்தை வேகமாக நான்கு தட்டு, பிறகு மேலே ஒரு தாவல், மறுபடி நான்கு தட்டு, இன்னும் மேலே இன்னொரு தாவல். மொத்தமே சில விநாடி. பல வருஷங்களாக, எல்லா வீட்டிலும், எல்லா சிஸ்டத்திலும் அதேதான். வாசித்துவிட்டு, “போதும் தம்பி, ஓடுது” என்று ஹெல்மெட்டை எடுப்பார்.

சமீபத்தில் வடபழனியில் ஒரு டீக்கடையில் அவரோடு நின்றிருந்தேன். கடைக்காரர் வைத்திருந்த ஸ்பீக்கரில் ஊரே முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு புதுப்பாட்டு. பல்லவிக்கு முன்னால் புல்லாங்குழலில் நான்கு தட்டு, ஒரு தாவல். மறுபடி நான்கு தட்டு, இன்னொரு தாவல். அச்சு அசலாக அதே.

“அண்ணே! இது உங்களோடதாச்சே!” என்றேன்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பினார். அவர் முகம் மாறியதை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

“கேட்டீங்களா சார்? ரெண்டாவது தாவல்ல ஒரு க்ளிக். 64-லயே வச்சு ரெக்கார்ட் பண்ணியிருக்கான். ஏத்து ஏத்துன்னு அன்னைக்கே சொன்னேன், சீட்டு வேற எழுதி ஒட்டினேன்” என்றபடி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அந்தத் தம்பியின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.