வீட்டிலேயே ஃபுளோரைடு உப்பு தயாரிப்பது எப்படி?

தேவை ஒரு காரம், ஒரு அமிலம். முதலில் காரம். இதற்கு அலையவே வேண்டாம். தாமிரபரணிக் கரையிலுள்ள முக்கூடலில் பீடிக்கும் வெற்றிலைக்கும் பஞ்சமில்லை; சுண்ணாம்பு டப்பா இல்லாத பெட்டிக்கடை ஏது? அதற்குள் குழைந்து கிடப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. பாதி வேலை முடிந்தது.

அடுத்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். பஜாரில் கேட்டால் அண்ணாச்சி உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். கடலூர் சிப்காட்டில் டான்ஃபாக் ஆலை ஃபுளோர்ஸ்பார் கல்லோடு கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கி இதைத் தயாரிக்கிறது. அதே அமிலத்தை அலுமினியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்தால் அலுமினியம் ஃபுளோரைடு. அது அலுமினிய உருக்காலைக்குப் போகும். நீங்கள் செய்யப்போவதும் அதே அமில-கார வினைதான். அவர்களுக்கு ஆலை, உங்களுக்கு மொட்டைமாடி.

கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், இந்த அமிலம் அரித்துவிடும். தண்ணீரில் முழுசாகப் பிரியாததால் பாடப்புத்தகம் இதை வலிமை குறைந்த அமிலம் என்கிறது. நம்பிவிடாதீர்கள். நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியக்கூட எரியாது. சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, சில மணி நேரம் கழித்து உயிர்போக வலிக்கும். ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இதயத் துடிப்பையே குலைக்கும். ஆஸ்பத்திரியில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவுவார்கள். ஃபுளோரைடைக் கால்சியத்தால் மடக்கும் அதே வேலை, இம்முறை உங்கள் கையின் மேல்.

ஆகவே இந்தக் கட்டத்தைத் தாளிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மோல் கணக்கில் இரண்டு பங்கு அமிலம், ஒரு பங்கு சுண்ணாம்பு. கிடைப்பது தண்ணீரும் கால்சியம் ஃபுளோரைடும். அந்த வெள்ளைப் பொடி வேறொன்றுமில்லை, கடலூர்க்காரர்கள் ஆரம்பித்த அதே ஃபுளோர்ஸ்பார்! கல்லை அமிலமாக்கி, அமிலத்தைத் திரும்பக் கல்லாக்கியிருக்கிறீர்கள்.

பொடி அடியில் தங்கிவிட்டதே, மேலே தெளிந்த தண்ணீரைக் குடிக்கலாமா? கூடாது. அதில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஃபுளோரைடு கரைந்தே நிற்கும். குடிநீருக்கு இந்தியத் தர அமைப்பு அனுமதிக்கும் உச்சம் 1.5. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லில் கறையும் எலும்பில் கோளாறும் வந்ததால்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுபோனார்கள். அந்தத் திட்டம் திறக்கப்பட்டது 2013இல். நீங்களோ தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துகொண்டு ஃபுளோரைடுத் தண்ணீர் தயாரிக்கிறீர்கள்.

ஆசை அடங்கவில்லையா? சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் சோடா என்றால் சோடியம் ஃபுளோரைடு வரும். அதைத்தான் பல டூத்பேஸ்டுகளில், ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு மிகாதபடி, சேர்த்து விற்கிறார்கள். ஒரு டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம், துப்பச் சொல்லுங்கள்.