பைப்பைக் கீழ வை கண்ணு

வா கண்ணு, வா. காத்தால பட்டறைல 'டொம்'முனு ஒரு சத்தம். ஓட்டு மேல தேங்கா உழுந்துருச்சாட்ட இருக்குதுன்னு உங்க அம்மிச்சி பொடக்காலிக்கு ஓடுனா. அப்பறந்தான் தெரிஞ்சுது, நீ மில்லிங் மிசின்ல ஜாப்பைப் பறக்க உட்டிருக்கறீன்னு.

நீ இஞ்சினீரிங் படிச்சவன். நானு மாடு மேச்சவன். நடுவால 30 வருசம் பீளமேட்டுல மில்லிங் ஓட்டுனது கணக்குலயே வராது. அதனால புத்தி சொல்ல மாட்டேன், சும்மா வேடிக்கை பாக்கறேன்.

வைஸ் கைப்பிடில மூணடிப் பைப்பைச் சொருகித் தொங்குனயாமா? செரி செரி. இறுக்குனா நின்னுக்கும்னு நெனச்சே. மெல்லிசுக் குழாயை இப்பிடி இறுக்கிப் பாரு, முட்டையாட்ட நெளியும். நெளிஞ்ச குழாய்ல வட்டமா ஓட்டையும் போடுவே. வைஸைத் தளத்துன ஒடனே குழாய் வட்டமாயிரும், ஓட்டை முட்டையாயிரும். அப்பறம் மைக்ரோமீட்டரு சரியில்லைம்பே.

லாடங் கட்டறதைப் பாத்திருக்கறயா? எங்கே, நீ டிராக்டர் காலத்துப் பையன். காங்கேயம் காளைகிட்ட லாடக்காரன் மல்லுக்கட்டவே மாட்டான். கயித்தை எங்கெங்க போடோணுமோ அங்க போட்டு ஒரு இழுப்பு, காளை தானாப் படுத்துக்கும். நாலு காலையும் சேத்துக் கட்டி, கவக்குச்சில முட்டுக் குடுத்துட்டுத்தான் சுத்தியலையே எடுப்பான். காளை எந்தப் பக்கம் ஒதைக்கும்னு அவனுக்கு முன்னாலயே தெரியும். உம்பட கட்டர் எந்தப் பக்கம் ஒதைக்கும்னு உனக்குத் தெரியுமா? வைஸ்ல அசையாத ஜா செவுரு மாதிரி நிக்குது. அதை உட்டுட்டு நகர்ற ஜா மேல போயி ஒதைக்க வெச்சிருக்கறே.

நகர்ற ஜா புது மாப்பிள்ளையாட்ட. கொஞ்சம் நெருக்குனா மேல தூக்கிக்கும், கூடவே ஜாப்பையும் தூக்கும். இறுக்குனப்பறம் ஜாப்புக்கு அடில இருக்கற பேரலல் கட்டையை வெரல்ல தள்ளிப் பாரு. ஆடுச்சுன்னா ஜாப் இன்னும் ஒக்காரல. நைலான் சுத்தியல்ல மேல ரெண்டு தட்டு. காஸ்டிங் கரடுமுரடா இருக்குதா? நகர்ற ஜாவுக்கும் ஜாப்புக்கும் நடுவால ஒரு உருட்டுக்கம்பியை வெச்சு இறுக்கு. ஜா எம்பிக் குதிச்சாலும் கம்பிதான் உருளும், ஜாப் செவுத்துல முதுகு சாஞ்சு ஒக்காந்துக்கும். அதுக்கு முன்னால கீழ கெடக்கற சில்லைத் தொடைக்கோணும். அதையுமா நானே சொல்லோணும்?

நேத்து அந்தப் பெரிய பிளேட்டுக்கு வைஸைக் கழட்டிட்டு டேபிள்லயே கிளாம்ப் போட்டயல்ல, அதையும் பாத்தேன். டி-போல்ட் ஜாப்பை உட்டுட்டு, கிளாம்ப்போட மறுமுனையைத் தாங்கற ஸ்டெப் பிளாக்கை ஒட்டி நிக்குது. ஸ்டெப் பிளாக் என்ன மாமியா ஊட்டுச் சொந்தமா? கிளாம்ப்பை மூணு பங்காப் பாரு. போல்ட் ஜாப்ல இருந்து ஒரு பங்குல நின்னா, இறுக்கற பெலத்துல 3ல 2 ஜாப்புக்குப் போகும். நீ போட்டபடிக்கு அந்த ரெண்டு பங்கும் ஸ்டெப் பிளாக்குக்கு. அதை ஆரு வெட்டப் போறாங்க? ஸ்டெப் பிளாக் பக்கம் ஒரு மயிரிழை ஒசரமாவும் இருக்கட்டும். தாழ்ந்துச்சுன்னா கிளாம்ப் ஜாப்போட ஓரத்தை மட்டும் கடிச்சுட்டு, உள்ளார தொடாது.

அப்பறம் அந்த 'டொம்'மு. கட்டர் பல்லு போற பக்கமே டேபிளையும் ஓட்டியிருக்கறே. யூடியூப்ல அப்பிடித்தான் ஓட்டறாங்களா? அது சிஎன்சி கண்ணு, பால் ஸ்க்ரூ, ஆட்டமே இருக்காது. இது 1938ல அமெரிக்காவுல பிரிட்ஜ்போர்ட்டுக்காரன் பண்ணுன சாதி. நம்ம கைல இருக்கறதுக்கும் என்னாட்டவே மூட்டெல்லாம் தேஞ்சு போச்சு. ஹேண்டிலைத் திருப்பிப் பாரு, கால் சுத்து சும்மாவே சுத்தும். அந்த எடைவெளில கட்டர் ஜாப்பைக் கவ்வி டேபிளோட சேத்து இழுத்துக்கும். லாடக்காரனே வந்து கட்டுனாலும் நிக்காது. கட்டருக்கு எதிர்ல ஓட்டு.

எண்ட் மில் கட்டர் ஒடஞ்சதை உங்கப்பன்கிட்ட நாஞ் சொல்லுல. அவனே கேட்டாப் பூனை தள்ளிருச்சும்பேன், அவனும் உன்னாட்ட இஞ்சினீருதான், நம்பிக்குவான்.

அந்தப் பைப்பை இப்பிடிக் குடு. அவரைப் பந்தலுக்கு முட்டு இல்லைன்னு உங்க அம்மிச்சி ரெண்டு நாளா என்ன உசுரெடுக்கறா.