ஊர் சுற்றும் ஹெட்மாஸ்டர்

பள்ளிக்கூடம் என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கும் மனிதர் ஒருவரைப் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நீங்கள் பார்க்கலாம். கசங்கிய லினன் சட்டை, அரைக்கால் சட்டை, தோளில் தொங்கும் தண்ணீர் பாட்டில். பின்னால் பல உயரங்களில் பிள்ளைகள். அதில் இரண்டுதான் அவருடையவை. மற்றவை கூடவே ஊர் ஊராக வரும் ஏழெட்டுக் குடும்பங்களுடையவை. இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, உலகத்தையே வகுப்பறையாக்கிக் கிளம்பியிருக்கிறார். இந்த வகையறாவுக்கு வேர்ல்ட்ஸ்கூலர் என்று பெயர்.

"ஸ்கூல் என்பதே தொழிற்சாலைக் காலத்துச் சரக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். அடுத்து ஜான் ஹோல்ட் வந்துவிடுவார். அமெரிக்க வாத்தியார், பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று 1964இல் புத்தகம் எழுதியவர், பள்ளியே இல்லாமல் பிள்ளை வளர்ப்பவர்களுக்காக 1977இல் பத்திரிகையும் தொடங்கியவர். அவர் பெயரைச் சொல்லும்போது நம் ஆளுக்குக் குரல் தழுதழுக்கும்.

தத்துவம் எல்லாம் பிறகு வந்ததுதான். முதலில் வந்தது அபராதம். லீவு நாளில் விமான டிக்கெட் கொள்ளை விலை என்று பள்ளி நடக்கும் வாரத்தில் குடும்பத்தை ஸ்பெயினுக்குக் கூட்டிப் போனார். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் ஐந்து நாள் மட்டம் போட்டால் 80 பவுண்டு அபராதம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அதுவும் ஒரு பிள்ளைக்கு அப்பாவிடம் தனியாக, அம்மாவிடம் தனியாக வசூலிப்பார்கள். இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர், ஆக மொத்தம் 320. அதைக் கட்டிய அன்று இரவுதான் ஹோல்ட் அவருக்கு அறிமுகமானார்.

பள்ளியை விட்டு விலகுவது அங்கே சுலபம். வயதுக்கேற்ற கல்வி பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்பதே 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கவலை. அது பள்ளியில்தான் கிடைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் போட்டால் வேலை முடிந்தது. குழுவில் இருக்கும் ஜெர்மன்காரர் பாடுதான் பாவம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்பது அவர் நாட்டுச் சட்டம். எனவே மனிதர் நகராட்சிக்குப் போய், தான் இந்த ஊரிலேயே இல்லை என்று குடும்பத்தோடு பதிவை ரத்து செய்துவிட்டு வந்திருக்கிறார்.

முதல் சில மாதங்கள் நம்மவர் தனிக் குடும்பமாகத்தான் சுற்றினார். அங்கோர் வாட் கோயிலின் நிழலில் நின்று, அதைக் கட்டிய மன்னன் இரண்டாம் சூரியவர்மனைப் பற்றி அவர் உருகிக்கொண்டிருந்தபோது, மூத்தவள் கேட்டாளாம்: "விளையாட யாராவது கிடைப்பாங்களா?" அவள் கேட்டதில் தப்பே இல்லை. கோயில் எத்தனை நூற்றாண்டு பழையதாக இருந்தாலும் ஒளிந்து பிடித்து விளையாட இன்னொரு பிள்ளை வேண்டும். அதற்காகச் சேர்ந்ததுதான் இந்தக் கூட்டம். இரண்டு இளம் ஆசிரியர்களையும் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். ஆனால் அவர்களை ஆசிரியர் என்று யாரும் சொல்லக் கூடாது, வழிநடத்துநர் என்றுதான் சொல்ல வேண்டும்.

பாடத்திட்டத்தை வகுப்பது குடிநுழைவு அதிகாரி. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் மலேசியாவில் 90 நாள், வியட்நாமில் 45 நாள். ஆகவே மலேசிய வரலாறு நிதானமாக நடக்கும். வியட்நாமில் போர் தொடங்கிய மறுநாளே சமாதானம் வந்துவிடும். அங்கே ஹோய் ஆன் ஊரில் இருந்தபோது கணக்குப் பாடத்துக்கு 20,000 டாங் நோட்டு போதுமாக இருந்தது. நோட்டில் அச்சாகியிருக்கும் ஜப்பானியப் பாலத்தை நேரில் காட்டினால் அதே செலவில் வரலாறும் ஆயிற்று. எதையும் அவர் வீணாக்குவதில்லை. படகைத் தவறவிட்டால் நேர மேலாண்மை, வயிற்றுப்போக்கு வந்தால் உயிரியல், ஆட்டோக்காரனிடம் ஏமாந்தால் பொருளாதாரம். சென்ற மாதம் பொருளாதாரத்தில் நிறையவே முன்னேறியிருக்கிறார்கள்.

பினாங்கில் பாடம் மாமாக் கடையில் நடக்கிறது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் தண்டு போட்டு, இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்க, தெருத்தெருவாகச் சுமந்து விற்ற சாப்பாடுதான் நாசி கண்டார். இதில் நெம்புகோல் தத்துவம் இருப்பதாக வழிநடத்துநர் விளக்குகிறார். பிறகு எல்லோரும் தே தாரிக் போடும் அண்ணனைச் சுற்றி நிற்கிறார்கள். அவர் கையை உயர்த்திக் குவளையிலிருந்து குவளைக்குத் தேநீரை இழுக்க, பிள்ளைகள் திரவ இயக்கம் என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அப்பாக்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். எதற்கு இந்த மரியாதை என்று அண்ணனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் வழக்கத்தைவிட ஒரு முழம் உயரமாக இழுத்துக் காட்டிவிட்டு, உள்ளே பார்த்துத் தமிழில் சொல்கிறார்: "டேய், இவங்க நாளைக்கும் வராங்களாம். பால் டின் ரெண்டு சேர்த்து எடுத்து வை."

சாயங்காலம் ஃபார்க்குவார் தெரு. அங்கே இருந்த பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816இல் தொடங்கியது. மலேசியாவில் தமிழ்க் கல்வியின் கணக்கும் அங்கே நடந்த தமிழ் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. பள்ளி வேறிடம் போய், பழைய கட்டடம் அருங்காட்சியகமாகிவிட்டது. "எல்லாப் பள்ளிக்கூடத்தையும் இப்படித்தான் ஆக்க வேண்டும்" என்று நம்மவர் சிரிப்பார். பக்கத்தில் நிற்பவர்களும் சிரிக்க வேண்டும்.

சிரித்துவிட்டு உடனே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். லண்டனில் காலை 9 மணி என்றால் பினாங்கில் மாலை 4 அல்லது 5. இனி நள்ளிரவைத் தாண்டும்வரை லேப்டாப்பில் அலுவலக வேலை. எங்கள் வீட்டில் அலாரமே கிடையாது, பிள்ளைகள் தானாக எழுவார்கள் என்று பெருமைப்படுவாரே, உண்மைதான். அந்த நேரத்தில் எழுப்ப யாரும் விழித்திருப்பதில்லை.

இந்த அழகில், சுதந்திரம் மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்துகொண்டிருக்கிறது. படகில் பிள்ளைகளை எண்ணினால் தினம் ஒன்று குறைந்ததால் பெயர்ப் பட்டியல் வந்தது. வாசித்தால் "இருக்கேன்" என்று கை தூக்க வேண்டும். சந்தைக் கூட்டத்தில் அடையாளம் தெரியட்டும் என்று எல்லோருக்கும் ஒரே மஞ்சள் பனியன் தைத்தார்கள். இஷ்டப்படி வந்தால் வழிநடத்துநருக்குச் சம்பளம் வீண் என்று காலை 9 மணிக்கு வகுப்பு என முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். யார் பிள்ளை யாரைக் கடித்தது, யார் வீட்டு ஐபேடை எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள், சர்க்கரை கொடுக்கலாமா என்று மூன்று மணி நேரம் நடக்கும். ஐபேட் விவகாரத்தில் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிளந்து, ஒரு கட்சி தாய்லாந்துக்குக் கிளம்பிவிட்டது. மிஞ்சியவர்களுக்குத் தாமதமாக வந்தால் அபராதம் போடலாம் என்று யோசனை சொன்னவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் என்னவோ கெட்டிக்காரர்கள்தான். இது கேலியில்லை. எந்த நாட்டுச் சிறுவனோடும் பந்து ஒன்று கிடைத்தால் பத்து நிமிடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். வைஃபை பாஸ்வேர்டை ஆறு மொழிகளில் கேட்கத் தெரிகிறது. பெரியவர்கள் சண்டை போட்டால் காதில் வாங்காமல் தூங்கவும் பழகியிருக்கிறார்கள்.

மூத்தவளுக்கு அடுத்த வருடம் 14. இங்கிலாந்தின் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வு தூரத்தில் தெரிகிறது. வெளித்தேர்வராக எழுத மையம் தேட வேண்டும், பணம் கட்ட வேண்டும், படிக்கவும் வேண்டும். நம்மவர் யோசித்து முடிவுக்கு வந்துவிட்டார்.

"இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர்" என்றார் குரலைத் தாழ்த்தி. "அங்கே எல்லாப் பிள்ளைகளும் கழுத்தில் டை கட்டிக்கொள்வார்கள். மணி அடித்ததும் வரிசையில் நிற்பார்கள். மதியம் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் பண்பாட்டுக்குள் இறங்கி வாழ்ந்து பார்க்கப் போகிறோம்."

எத்தனை நாள் திட்டம் என்று கேட்டேன்.

"ஐந்து வருஷம்கூட இருக்கலாம். அங்கே விசா தொல்லை இல்லை."