ஃபார்மேட் போட்டுடலாம் சார்!

எந்த ஊர் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் இந்த வாக்கியம் காதில் விழாமல் திரும்ப முடியாது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும் சரி, பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் சரி, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் சரி, கடைக்காரர் கீபோர்டில் நாலு தட்டு தட்டுவார், உதட்டைப் பிதுக்குவார், “ஃபார்மேட் போட்டுடலாம் சார்” என்பார். அடுத்த கேள்வி, “டெஸ்க்டாப்ல முக்கியமா ஏதாவது இருக்கா?” முக்கியமானது டெஸ்க்டாப்பில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

எங்கள் வீட்டு லேப்டாப்புக்கும் அந்த யோகம் வந்தது. என் மனைவி பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். போர்டில் கணக்குப் போடுவதை வீடியோவாகப் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புவாள். காலையில் கடையில் கொடுத்த லேப்டாப், சாயங்காலம் குளித்து முழுகித் திரும்பி வந்தது. “பாத்தீங்களா சார், ஸ்கிரீனே பளிச்சுனு ஆயிடுச்சு” என்றார் கடைக்காரர். உண்மைதான், கண் கூசியது. பிரைட்னஸைக் குறைக்கும் பொத்தானை அமுக்கினால் குறையவும் இல்லை. “இப்பதான் லட்சுமிகரமா இருக்கு” என்றார் என் மாமியார்.

மறுநாள் பதிவான வீடியோவில் ஒரு இருபடிச் சமன்பாடு. குரல் ஒழுங்காக வந்தது. “இப்ப நடு உறுப்பை ரெண்டாப் பிரிக்கணும்” என்று குரல் சொல்லும்போது படத்தில் அவள் கை மார்க்கரோடு அந்தரத்தில் நின்றது. அப்படியே நின்றது. திடீரென்று ஒரு குதி; போர்டில் விடை அடிக்கோடு போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு ஸ்டெப் விட்டால் முக்கால் மார்க்கை வெட்டுகிற டீச்சர் அவள். ஒரு பையன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: “மிஸ், நடுவுல ஸ்டெப்பைக் காணோம் மிஸ்.” அந்தக் குரலில் இருந்த ஆனந்தம், அவன் சென்டம் வாங்கியிருந்தால்கூட வந்திருக்காது.

பிறகு ஆலோசனைகள் குவிந்தன. ஷார்ஜாவிலிருந்து மச்சினன், ரேம் போடு என்றான். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மேல் வீட்டுக்காரர், எல்லாம் லோ வோல்டேஜ் என்றார். லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது என்று சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை. அக்கா மகன் “கூலிங் பேட் வாங்குங்க மாமா” என்றான். மாமியார் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். எல்லா ஆலோசனைகளிலும் செலவு கம்மி அதுதான். கடைக்காரருக்குப் போன் போட்டேன். “மறுபடி ஒருவாட்டி ஃபார்மேட் போட்டுப் பாக்கலாமா சார்?” என்றார்.

எங்களுடையது கணக்கு வீடு என்பதால் கணக்குப் போட்டே பார்த்தோம். 1080பி வீடியோவின் ஒரு ஃபிரேமில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட். வினாடிக்கு 30 ஃபிரேம். பெருக்கினால் வினாடிக்கு 18 கோடியே 66 லட்சம் பைட்டுக்கு மேல் வருகிறது. இதை அப்படியே எழுதிக்கொண்டே போனால் சாதாரண ஹார்ட் டிஸ்க் மூச்சு முட்டிவிடும். அதனால் வர வரச் சுருக்கி எழுத வேண்டும். ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 33 மில்லி வினாடிதான். அதற்குள் முடியாவிட்டால் ரெக்கார்டிங் மென்பொருள் அந்த ஃபிரேமைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஒலிக்கு இதில் நூறில் ஒரு பங்கு வேலைகூடக் கிடையாது. அதனால்தான் குரல் தப்பித்தது, ஸ்டெப் மாட்டியது.

இந்தச் சுருக்கும் வேலைக்கென்றே இன்டெல் 2011 முதலும் என்விடியா 2012 முதலும் கிராஃபிக்ஸ் சிப்புக்குள் தனிச் சுற்று வைத்திருக்கின்றன. அதைத் தட்டி எழுப்ப அதற்குரிய டிரைவர் வேண்டும். எங்கள் லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயருக்குப் பதில் ‘பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தது. திரையில் ஏதோ படம் தெரிந்தால் போதும் என்பதற்காகப் போட்டு வைக்கும் தற்காலிக ஏற்பாடு அது. சுருக்கவும் தெரியாது, பிரைட்னஸைக் குறைக்கவும் தெரியாது. கல்யாணச் சமையல்காரரை மண்டபத்து வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, பரிமாற வந்தவரையே சமைக்கவும் சொன்ன மாதிரி, அத்தனை வேலையும் பிராசசர் தலையில் விழுந்திருந்தது. அதுவும் சும்மா இருந்த பிராசசரா? புதிதாக ஓ.எஸ். போட்டால் முதல் சில நாட்களுக்கு அப்டேட் இறங்கும், வைரஸ் ஸ்கேன் ஓடும், இருக்கிற ஃபைலையெல்லாம் எண்ணிக் குறித்துக்கொண்டிருக்கும்.

டிரைவருக்கு மாடல் நம்பர் வேண்டும். அது லேப்டாப்பின் அடிவயிற்றில், பாதி அழிந்த ஸ்டிக்கரில் இருந்தது. கவிழ்த்துப் போட்டு, டார்ச் அடித்து, 8-ஆ பி-யா என்று குடும்பமே விவாதித்தோம். டிரைவர் ஏறும்போது திரை ஒரு கணம் கருத்தது. “அய்யோ, போச்சு!” என்றார் மாமியார். திரும்ப வந்தபோது கண்ணுக்கு இதமாக இருந்தது. “மங்கிடுச்சே மாப்பிள்ளை” என்று வருத்தப்பட்டார். ரெக்கார்டிங் மென்பொருளில், சுருக்கும் வேலையைச் செய்யும் என்கோடரை பிராசசரிலிருந்து கிராஃபிக்ஸ் சிப்புக்கு மாற்றினோம். விடுபட்ட ஃபிரேம் எத்தனை என்று காட்டும் இடத்தில் பூஜ்யம் அசையாமல் நின்றது.

சாயங்கால வீடியோ மட்டும் இன்னும் இழுத்தது. அது வேறு கதை. வெளிச்சம் குறைந்தால் வெப்கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். 30 ஃபிரேம் 15 ஆகிவிடும். அப்படிச் செய்யாதே என்று முன்பு கேமராவுக்குச் சொல்லி வைத்திருந்த செட்டிங் ஃபார்மேட்டோடு போய்விட்டது. கரன்ட் பில்லை நினைத்து மாமியார் டியூப் லைட்டை அணைப்பதும் அதே நேரம்தான். செட்டிங்கை மாற்றிவிட்டோம். மாமியாரை மாற்ற முயலவில்லை.

உங்கள் லேப்டாப்பையும் ஒருநாள் கடையில் கொடுக்கத்தான் போகிறீர்கள். கொடுக்கும் முன் டிவைஸ் மேனேஜரையும் ரெக்கார்டிங் செட்டிங்ஸையும் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கடையிலேயே பிரைட்னஸைக் குறைத்துப் பாருங்கள். குறையாவிட்டால் பர்ஸைத் திறக்காதீர்கள்.